வழி சொன்னவள்

கிளட்ச்ச அப்படி ஒரே மிதியா மிதிக்காதீங்க தம்பின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். விக்க வந்தவ, வாங்க வந்தவனுக்குப் பாடம் எடுத்தா வெளங்குமா. ஆனா பையன் மோசமில்ல. செருப்பு மண்ணை ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள ஏறினான், ஸ்டார்ட் பண்ணின உடனே கெளப்பாம ஒரு நிமிஷம் சும்மா உக்காந்து சத்தத்தைக் கேட்டான். அந்த ஒரு நிமிஷத்துல எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு, ஏன்னா என் கண்ணு பூராவும் மாடி ஜன்னல்லதான். திரை அசையல. ஒம்போதரை மாத்திரையப் போட்டுட்டாருன்னா பதினொன்னேகால் வரைக்கும் தூங்குவார். பக்கத்துல நாத்தனா கோமதி உக்காந்திருக்கா, முழிச்சாருன்னா பேச்சுக் குடுத்து மாடியிலயே வெச்சுக்கடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப பத்து பதினேழு. போயிட்டு வந்து, பேப்பரைக் குடுத்து, வண்டி தெருமுனை திரும்பறதுக்குப் பதினொன்னு பத்து. அவர் கண்ணு முழிக்கறப்ப போர்ட்டிகோ காலியா இருக்கணும். அவ்வளவுதான் இன்னைக்கு வேலை. அவருக்குத் தெரியாம அவரோட வண்டியை விக்கறேன், நாப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவ, திருடி மாதிரி. மாதிரி என்ன மாதிரி, திருடியேதான். "போலாங்களா ஆன்ட்டி?"ன்னான் அந்தப் பையன் சிபி. போங்க, நேரா தொண்டாமுத்தூர் ரோட்டுல விடுங்கன்னேன்.

வடவள்ளி நெரிசலைத் தாண்டினோம். அதுக்கப்புறம் ரோடு ரெண்டு பக்கமும் பாக்கும் தென்னையுமா விரிஞ்சதும், "ஆறு வருஷமாத் தேடறேனுங்க ஆன்ட்டி"ன்னு ஆரம்பிச்சுட்டான். பொள்ளாச்சிக்காரன், தென்னை நார் கம்பெனியாம், அப்பாவுக்கு இவன் இந்தப் பழைய வண்டிக்கு அலையறது சுத்தமாப் புடிக்கலையாம். "இதுக்கு முந்தின செலிக்கா காருக்கு லைட்டு மேல எந்திரிச்சு வருமுங்க, அதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. பிந்தின மாடல் கத்தி மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், அதுக்கும் ஒரு கூட்டம். நடுவுல வந்த இந்த நாலு உருண்டை லைட்டைத்தான் ஒருத்தரும் சீண்டறதில்லீங்க. எல்லாத்தையும் ஒடைச்சு எடைக்குப் போட்டுட்டாங்க." இதே பேச்சை, அட இதே வரிசையில, நான் இருவத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால கேட்டிருக்கேன். சிங்கப்பூர்லருந்து வந்த ஒருத்தர் குடும்பத்தோட கொண்டாந்து எறக்கின வண்டி, ரெண்டு வருஷம் ஷெட்டுல பூனை குட்டி போட்டுக் கெடந்துச்சு. இவர் போய் ஒரு சாயங்காலம் பூரா அதைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, வீட்டுல சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொன்னார், "இது நடுப்புள்ள, வசு. மூத்ததுக்குப் பேரு, கடைசிக்குச் செல்லம், நடுவுல இருக்கறதை எவன் பாப்பான்." அவரே நடுப்புள்ளதான். சொத்துப் பிரிச்சப்ப பெரியவருக்குப் பம்ப்செட் ஃபவுண்டரி, சின்னவருக்குத் தோட்டம், இவருக்கு ஒரு பட்டறையும் நீ பொழச்சுக்குவடாங்கற ஆசீர்வாதமும். வாங்கிட்டு வாங்கன்னேன். பூனையை என்ன பண்றதுன்னு கேட்டார். அதையும் கூட்டிட்டு வாங்கன்னேன்.

எஞ்சின் சூடாகறதுக்குள்ள விரட்டினான்னா எறங்கி நடந்தே போயிருப்பேன், ஆனா விரட்டல, சூடு காட்டற முள்ளைப் பாத்துட்டுப் பாத்துட்டுத்தான் போறான். எதுக்கு இவ்வளவு ஒழுங்கா இருக்கான்னு எரிச்சலா வருது. முரட்டுத்தனமா ஓட்டியிருந்தா, போடா உனக்கு வண்டி இல்லன்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். போன ஞாயித்துக்கெழம வந்தவன் டயரை எட்டி ஒதைச்சுப் பாத்தான், அந்த ஒரு ஒதைக்கு அவனை கேட்டுக்கு வெளிய அனுப்பிச்சுட்டு ராத்திரி நல்லாத் தூங்கினேன். இவன்கிட்ட குத்தம் சொல்ல ஒன்னும் கெடைக்கல. சீட்டுத் தையலை விரலால தடவிப் பாத்து, "இதெல்லாம் வந்தப்ப போட்டதேங்களா?"ங்கறான். ஆமாந் தம்பி, வந்தப்ப போட்டது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பழைய வேட்டியக் கிழிச்சுத் தண்ணி தொட்டுத் தொடைப்பார், வேற துணி ஆகாது, டவல் பட்டா சிராய்ப்பு விழுமாம். மழையில நனைஞ்சா வந்த உடனே சக்கர இடுக்குல விரல விட்டுச் சேத்தை எடுப்பார், சோறு ஆறிப் போனாலும் சரி. ஆயில் மாத்தின தேதியெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுல இருக்கு, குண்டு குண்டா அச்சடிச்ச மாதிரி எழுத்து. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலருந்து அந்த எழுத்து சாய ஆரம்பிக்குது, அப்புறம் ஒரே தேதி மூணு தடவை வருது, அப்புறம் வெறும் கோடு. நான் அதைப் பாத்ததே போன மாசந்தான். நோட்டு வண்டிக்குள்ளயே, என் முட்டிக்கு முன்னால இருக்கற பெட்டியிலயே இருந்துச்சு. தொறந்து பாக்கத் தோணலையே பாவி எனக்கு.

"நீங்க ஓட்டுவீங்களா ஆன்ட்டி?"ங்கறான். இல்ல தம்பி, எனக்கு ஸ்டியரிங் புடிக்கவே தெரியாது, நான் இந்தப் பக்கத்து ஆளுன்னேன். அவனுக்குப் புரியல. எப்படிப் புரியும். கார் ராலிங்கறது ஓட்டறவன் சமாச்சாரம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் இருந்த கார் கிளப்பு நடத்தினதெல்லாம் வேகப் போட்டி இல்ல, நேரப் போட்டி. இத்தனாவது கிலோமீட்டர்ல இத்தனாவது செகண்டுல இருக்கணும், முந்தினாலும் தப்பு பிந்தினாலும் தப்பு. வழி பூராவும் ஒரு புத்தகத்துல படம் போட்டுக் குடுத்துருவாங்க, அந்தப் புத்தகம் என் மடியில, நேவிகேட்டர்னு எனக்குப் பேரு. ஓட்டறவர் அதைப் பாக்கவே கூடாது. பாத்தா கண்ணு ரோட்ட விட்டுரும், வழியை யோசிச்சா காலு தடுமாறும். அதனால எங்க வீட்டுக்காரர் யோசிக்க மாட்டார், "அடுத்து?"ம்பார். நான், "முன்னூறு மீட்டர், பாலம், தாண்டினதும் இடது"ம்பேன். கோத்தகிரி ஏத்தம், வால்பாறை, பனி மூடின ரோடு, எங்கயா இருந்தாலும் சரி, மடியில டார்ச்சும் கையில ஸ்டாப்வாட்சுமா நான் சொல்வேன், அவர் போவார். கணக்கு டீச்சர் வேலை பாத்தவளுக்கு அது ஒன்னும் பெரிய வித்தையில்ல. ஆனா ஒருத்தர், முன்னால பள்ளமா மேடான்னுகூடத் தெரியாத மூடுபனியில, நான் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி அறுவதுல திருப்புவார் பாருங்க, அந்த நம்பிக்கைய வேற எந்தப் புருஷனும் எந்தப் பொண்டாட்டிக்கும் குடுத்திருக்க மாட்டான். எனக்குத் தலைக்கனம் ஏறிப் போச்சு. ஏறாதா பின்ன.

அந்தத் தலைக்கனந்தான் என்னைக் கவுத்துச்சு. ராலியெல்லாம் நின்னு போன பொறவும் நாங்க அந்தப் பழக்கத்தை விடல. கல்யாணத்துக்குப் போனாலும், காய் வாங்கப் போனாலும், "அடுத்து?"ம்பார். நான், "இருநூறு மீட்டர், சிக்னல், வலது"ம்பேன். பின்னால உக்காந்திருக்கற கோமதி, "அய்யோ ஆரம்பிச்சுட்டாங்கப்பா"ன்னு தலையில அடிச்சுக்குவா. வெளையாட்டு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் புரிஞ்ச வெளையாட்டு. ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்டாங்க, "சாருக்கு வழி மறக்க ஆரம்பிச்சது எப்பம்மா? ஒரு மாசமா, ஒரு வருஷமா?" எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லத் தெரியலையே. வேற எவளா இருந்தாலும் வீட்டுக்காரர் சொந்த வீட்டுக்கு வழி கேட்டா அன்னைக்கே பதறியடிச்சு எழுந்திருப்பா. என்கிட்ட இவர் ரெண்டு வருஷம் கேட்டிருக்கார், பேங்குக்கு வழி, தங்கச்சி வீட்டுக்கு வழி, பதிமூணு வருஷமாப் போற சலூனுக்கு வழி. நான் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கேன். ஒரு தரம் பேரூர் கோயில்லருந்து வர்றப்ப எங்க தெருமுனையிலயே வண்டியை நிறுத்திட்டு, "அடுத்து?"ன்னார். மேலுதட்டுல வேர்வை துளித்துளியா நின்னுச்சு. "அம்பது மீட்டர், பச்சை கேட்டு, இடது, அங்க ஒரு கெழவி காப்பி போட்டுக் குடுப்பா"ன்னு சொல்லிட்டு ஏசியைக் கூட்டி வெச்சேன். ஏசியைக் கூட்டி வெச்சேன்! வேர்வை எதுக்குன்னு பாக்கல. அந்த மனுஷன் இருட்டுல கையை நீட்டி நீட்டித் தடவியிருக்கார், நான் ஒவ்வொரு தடவையும் கையப் புடிச்சு ஆட்டி வெளையாடியிருக்கேன். சீக்கிரம் வந்திருந்தா மறதி முத்தற வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கலாம்னாங்க டாக்டரம்மா. குத்தம் சொல்லல, சும்மாத்தான் சொன்னாங்க.

"இந்தப் பக்கக் கதவுல லேசா ஒரு கோடு தெரியுதுங்களே"ன்னான் சிபி. மறைக்கறதுக்கு ஒன்னுமில்ல, சொல்லிட்டேன். போன மாசம் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்துத் தனியா எடுத்துட்டுப் போயிட்டார். ஒரு பொண்ணோட சைக்கிள் ஹேண்டில் பாரை உரசியிருக்கார், அந்தப் புள்ள முழங்கையில சிராய்ப்போட தப்பிச்சுது. ஏழாங்கிளாஸ் படிக்குதாம், நான் போய்ப் பாத்தப்ப, "தாத்தா நிக்காமயே போயிட்டாருங்க"ன்னு சொல்லுச்சு, கோவமாக்கூடச் சொல்லல. அவருக்கு உரசினதே தெரியல. சிபிகிட்ட சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்லல. நாலு மணி நேரம் கழிச்சு மாங்கரை பக்கத்துலருந்து ஒரு டீக்கடைக்காரம்மா போன் பண்ணுச்சு, இன்சூரன்ஸ் பேப்பர்ல நம்பரைப் பாத்துட்டு. "அம்மா, ரோடு பிரியற எடத்துல ஒரு பெரியவர் எஞ்சினை ஓட விட்டுட்டு வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காருங்க. பக்கத்து சீட்டுல ஆளே இல்ல, அதைப் பாத்து அடுத்து அடுத்துன்னு கேட்டுட்டே இருக்காருங்க. பாக்க ஒரு மாதிரி இருக்குங்கம்மா." ஆட்டோ புடிச்சுப் போனேன். கதவைத் தொறந்து உக்காந்தேன். என்னைத் திரும்பிப் பாத்து, "எங்க வசு போயிட்ட, எத்தனை தடவை கேக்கறது"ன்னார். திட்டல. பாதி ராலியில பாட்டில்ல தண்ணி தீந்து போச்சுன்னா சொல்ற மாதிரி, சாதாரணமா.

சாவியை ஒளிச்சு வெச்சுப் பாத்தாச்சு. விடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் போர்ட்டிகோவுல வண்டிக்குள்ள உக்காந்து பெல்ட்டை மாட்டிட்டு, "வசு, நேரமாச்சு"ம்பார். நானும் போய் இந்த சீட்டுல உக்காந்துக்குவேன். நின்ன எடத்துலயே குன்னூர் போவோம், ஊட்டி போவோம், இல்லாத பாலத்தையெல்லாம் நான் சொல்வேன், இல்லாத ஹேர்பின் வளைவைச் சொல்வேன், அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார். சில நாள் ஒரு மணி நேரத்துல திருப்தியாயிரும். சில நாள், "ஏன் நகர மாட்டேங்குது, நீ என்ன பண்ணின என் வண்டியை"ன்னு என் கையைப் புடிச்சு முறுக்குவார், அப்புறம் அவரே அழுவார். வண்டியை அவர் கண்ணுல படாம அனுப்பிருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வண்டி அவர் பேர்ல. போன செவ்வாக்கெழம ட்ரான்ஸ்ஃபர் ஃபாரத்தை அட்டையில வெச்சு, பேனாவைத் தொறந்து குடுத்தேன். "ராலி என்ட்ரி ஃபாரமா?"ன்னார். ஆமாங்கன்னேன். மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு. "ஸ்டார்ட் எங்க?"ன்னார். சிரிச்ச மூஞ்சியோட, சேலத்துலங்கன்னேன். அச்சடிச்ச மாதிரி கையெழுத்துப் போட்டார், அன்னைக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சோ அந்தப் பழைய எழுத்து, ஒரு எழுத்து சாயல. போட்டுட்டு, "நேவிகேட்டர்ங்கற எடத்துல உன் பேரைப் போடு"ன்னு அட்டையை என் பக்கம் தள்ளினார். அந்த ஃபாரத்துல அப்படி எடமே இல்ல. மூலையில பென்சில்ல என் பேரை எழுதிக் காட்டிட்டு, அவர் தூங்கினதும் ரப்பரால அழிச்சேன்.

தொண்டாமுத்தூர் தாண்டித் திருப்பியாச்சு. மலை இப்ப முதுகுக்குப் பின்னால போயிருச்சு. சிபி மூணாவது கியர்ல வெச்சு ஒரே ஒரு தடவை நல்லா மிதிச்சான், எஞ்சின் சுத்து நாலாயிரம் தாண்டினதும் அந்தக் குரல் எழும்புச்சு பாருங்க, தொண்டை கமறிட்டு அப்புறம் தெளிஞ்சு பாடற மாதிரி, எனக்கு ஒடம்பு பூரா சிலுத்துருச்சு. "எடுத்துக்கறேனுங்க ஆன்ட்டி. நீங்க எப்பப் பாக்கணும்னாலும் பொள்ளாச்சி வாங்க"ங்கறான், கண்ணு கலங்கி நிக்குது அவனுக்கு. சரி தம்பின்னேன். மணி பத்து அம்பத்தொன்னு. இந்த ரோட்டுல நேராப் போனா பத்து நிமிஷத்துல வீடு. எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடக்குது, ஒரு செகண்ட் முந்தல பிந்தல. அப்பத்தான் என் வாயி, நான் சொல்லல, என் வாயி தானாச் சொல்லுச்சு: "நூத்தம்பது மீட்டர், ரோடு பிரியுது, வலது." பையன் யோசிக்கவே இல்ல, திருப்பிட்டான். அது பேரூர் ரோடு. வீட்டுக்குப் போற வழியே இல்ல. அடியே வசுமதி, என்ன பண்றன்னு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. முப்பது வருஷத்துல எத்தனையோ தரம் பதட்டத்துல தடுமாறியிருக்கேன், தெரிஞ்சே தப்பான வழி ஒரு தடவையும் சொன்னதில்ல. "இப்படியும் போலாங்களா?"ன்னான். போலாம், கொஞ்சம் சுத்துன்னேன். ஏழு கிலோமீட்டர் சுத்து. கண்ணை மூடிட்டேன். மூடிட்டா ஓட்டறது யாருன்னு தெரியாதில்ல. இடது தோள்ல அதே வெயில், முதுகுல அதே அதிர்வு. அந்த ஏழு கிலோமீட்டர் எனக்கு வேணும். யார்கிட்டயும் கேட்டு வாங்கல, நானே எடுத்துக்கிட்டேன். எழுந்திருக்க மாட்டார், பதினொன்னேகால்தான, எழுந்திருக்க மாட்டார்னு சொல்லிட்டே வந்தேன். நொய்யல் பாலத்துல ஒரு டிராக்டர் மாட்டிட்டு எல்லா வண்டியும் நின்னப்பத்தான் கண்ணைத் தொறந்தேன். எனக்கு வேர்த்துருச்சு.

தெரு திரும்பறப்ப பதினொன்னு இருவத்தாறு. கேட்டு தொறந்து கெடக்கு. ரோட்டுலயே நிக்கறார், சட்டைப் பொத்தானை மேல கீழ மாத்திப் போட்டுட்டு, பின்னால கோமதி சேலைத் தலைப்பைக் கடிச்சுட்டு நிக்கறா. செத்தேன். ஓட்டறது வேற ஆளு, பக்கத்துல நான். பாத்துட்டார். நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்கன்னேன். கதவைத் தொறந்து எறங்கினேன். அவர் என்னையப் பாக்கல, வண்டியப் பாக்கறார். முன்னால வந்து நின்னார். பானெட்டுல புறங்கையை வெச்சுச் சூடு பாத்தார். சுத்தி வந்தார், குனிஞ்சு சக்கர இடுக்குல விரலை விட்டுப் பாத்தார். நான் பக்கத்துல போய், ஏனுங்க, நான் எல்லாம் சொல்றேன், உள்ள போலாம் வாங்கன்னு கையைத் தொட்டேன். மெதுவா, மரியாதையாக் கையை விலக்கிட்டார். சிபியப் பாத்து, "நீங்க வாங்கறீங்களா தம்பி? தைரியமா வாங்குங்க. யாரு வெச்சிருந்தாங்களோ, கொழந்தைய வெச்சுக்கற மாதிரி வெச்சிருக்காங்க"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க வண்டிங்களாம்மா?" கோமதி, "அய்யோ அண்ணா"ன்னா. நான் கையைக் காட்டி அவளை அடக்கினேன். ஆமாங்கன்னேன். "இதைப் போய் எதுக்குங்கம்மா குடுக்கறீங்க?" வீட்டுல ஓட்டறதுக்கு ஆளில்லீங்கன்னேன். அவர் மூஞ்சி அப்படியே வாடிப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச அந்த மூஞ்சி, யாரு வீட்டுல எழவுன்னாலும் மொத ஆளாப் போய் நிக்கற அந்த மூஞ்சி. தலையை லேசா குனிஞ்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, "அடடா. எப்பங்கம்மா தவறினாரு?"ன்னார்.

இப்பத்தாங்கன்னேன்.